குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியல்: எதற்கு, எப்படி?



ஆய்வுக் கட்டுரை என்றதும் நம் மாணவர்கள் பெரும்பாலும் முன்னுரையில் இருந்துதான் தொடங்குகிறார்கள். நூற்பட்டியல்? அது கடைசி இரவு வேலை. மேசையில் கிடக்கும் நான்கு புத்தகத்தின் அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்துவிட்டு, இணையத்தில் கிடைத்த இரண்டு முகவரியை ஒட்டிவிட்டால் முடிந்தது. இடுபணியில் "குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியல் இணைக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்துவிட்டாலோ, கேள்வி மேல் கேள்வி. "சார், ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுதணுமா?" "டீச்சர், முழுப் புத்தகத்தையும் படிச்சாதான் எழுத முடியுமா?" "‘நல்ல நூல், பயனுள்ளது’ன்னு போட்டா போதாதா?"

நியாயமான கேள்விகள்தாம். ஆறாம் படிவ மாணவர்கள், தொடக்கக்கல்லூரி மாணவர்கள், ஆசிரியர் பயிற்சிக் கழகத்திலும் பல்கலைக்கழகத்திலும் முதல் ஆய்வேட்டை எழுதத் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த விளக்கம் எழுதப்பட்டுள்ளது. ஆசிரியர்கள் இதை வகுப்பில் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.

1. முதலில், இது என்ன?

சாதாரண நூற்பட்டியல் ஒரு முகவரிப் பட்டியல் மாதிரி. யார் எழுதியது, எந்த ஆண்டு, என்ன தலைப்பு, யார் வெளியிட்டது என்பதோடு நின்றுவிடும். குறிப்புரையுடன் கூடிய நூற்பட்டியலில் அந்த முகவரிக்குக் கீழே ஒரு சிறு பத்தி இருக்கும். அந்த நூல் என்ன சொல்கிறது, அதை எவ்வளவு நம்பலாம், என் ஆய்வுக்கு அது எதற்கு உதவும் என்பதை அந்தப் பத்தி சொல்லும். அவ்வளவுதான்.

இது மேனாட்டார் அண்மையில் கண்டுபிடித்துத் தந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். 1865ஆம் ஆண்டிலேயே ஜான் மர்டாக் என்பவர் அச்சான தமிழ் நூல்களை வகைபிரித்து, குறிப்புகளுடன் ஒரு பெரிய பட்டியலைச் சென்னையில் வெளியிட்டார். அக்காலத் தமிழ் அச்சுலகைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். நம் நாட்டிலும் இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' என்ற பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடுகிறவர்களுக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி. பட்டியல் போடுவதும் ஆய்வுதான் என்பதற்கு இவை இரண்டும் சான்று.

2. ஏன் செய்ய வேண்டும்?

மதிப்பெண்ணுக்காக என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணங்கள் மூன்று உண்டு.

முதலாவது, தலைப்பைச் சரிசெய்ய உதவும். பத்து நூலுக்குக் குறிப்புரை எழுதி முடிக்கும்போது எந்தப் பக்கம் பலரும் எழுதிவிட்டார்கள், எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அந்த வெறுமைதான் உங்கள் ஆய்வின் இடம்.

இரண்டாவது, பிறர் கருத்தை நம் கருத்தாக எழுதிவிடும் ஆபத்திலிருந்து காக்கும். "இதை யார் சொன்னாங்க?" என்று மூன்று மாதம் கழித்துத் தேடும்போது, பக்க எண்ணோடு எழுதிவைத்த குறிப்புரை கைகொடுக்கும்.

மூன்றாவது காரணம் நமக்கே உரியது. ஆங்கில நூல்களுக்குத் திறனாய்வு, சுருக்கம், சொல்லடைவு எல்லாம் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் நூல்களுக்கு அப்படி இல்லை. ஆசிரியரே பணம் போட்டு அச்சிட்ட நூல்கள், மறுபதிப்புக் காணாதவை, ஒரே ஒரு நூலகத்தில் மட்டும் இருப்பவை ஏராளம். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' நாளிதழ் 2019இன் தொடக்கத்தில் நின்றுபோனது. அதன் பழைய ஞாயிறு மலர்களில் வந்த சிறுகதையை ஒரு மாணவர் தேடிப் படித்து ஆறு வரி எழுதிவைத்தால், அந்தக் கதையைப் பற்றி எழுதப்பட்ட ஒரே குறிப்பு அதுவாகவே இருந்துவிடக் கூடும். ஆகவே, சின்ன வேலை என்று தள்ளிவிடாதீர்கள்.

3. ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம்

வெறும் விதிகளாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரு தலைப்பை வைத்துக்கொண்டே போவோம்.

*சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மலாயாத் தமிழர்களின் துயரத்தை மலேசியத் தமிழ் நாவல் எவ்வாறு பதிவு செய்கிறது?*

இரண்டாம் உலகப் போரின்போது, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் சுமார் 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அமைத்தது. 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. போர்க்கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும் அதில் மாண்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்தத் தொழிலாளர்களில் ஒரு பெரும் பகுதி. நம் வீடுகளில் தாத்தா பாட்டி "சயாமுக்குப் போனவங்க திரும்பல" என்று சொல்வது இதைத்தான்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இதற்கு நாவலும் உண்டு, வரலாற்று நூலும் உண்டு, வாய்மொழிப் பதிவும் உண்டு, செய்தித்தாளும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக எடைபோட வேண்டும். குறிப்புரை எழுதும் பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான களம் எளிதில் அமையாது.

4. எங்கே தேடுவது?

கூகுளில் தலைப்பைத் தட்டினால் மட்டும் போதாது. கீழ்க்காணும் வரிசையில் தேடிப் பாருங்கள்.

*நாவல்கள்:* ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவை இக்களத்தில் நேரடியாக நிற்பவை. இவையே முதன்மைச் சான்றுகள்.

*வரலாற்று நூல்கள்:* கெர்னியல் சிங் சந்துவின் நூல் (1969), சின்னப்பா அரசரத்தினத்தின் மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் பற்றிய நூல் (1970), ஜப்பானிய ஆட்சிக்கால மலாயா பற்றிப் பால் கிராட்டோஸ்கா எழுதிய நூல் (1998) ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளன. பின்புலத்துக்கு இவை தேவை.

*கட்டுரைகள்:* மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் 'தமிழ்ப் பேராய்வு' ஆய்விதழிலும், 'வல்லினம்' போன்ற இலக்கிய இதழ்களிலும் தேடலாம்.

*செய்தித்தாளும் குரல் பதிவும்:* சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் பழைய செய்தித்தாள்கள் மின்வடிவில் உள்ளன. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் நேர்காணல்களைப் பதிவு செய்து வருகிறது. ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய பதிவுகள் அங்கு உண்டு.

ஒரு குறிப்பு: தேடும்போது எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தட்டுங்கள். 'ரயில்', 'இரயில்', 'சயாம்', 'சியாம்', 'ராமசாமி', 'இராமசாமி' எல்லாம் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். ஒன்றில் வராதது மற்றொன்றில் வரும்.

5. நூல் விவரம்: தமிழில் வரும் சிக்கல்கள்

ஏபிஏ, எம்எல்ஏ என எந்த முறையைப் பின்பற்றுவது என்பதை உங்கள் கல்விக்கழகம் முடிவு செய்யும். எதுவானாலும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே முறையில் இருக்க வேண்டும். ஏபிஏ முறையில் முதல் வரி இடது ஓரத்தில் தொடங்கும். அடுத்த வரிகள் அரை அங்குலம் உள்ளே தள்ளி வரும். குறிப்புரை அதற்குக் கீழே புதிய பத்தியாக, அதே அரை அங்குலம் தள்ளி வரும்.

வழிகாட்டி நூல்கள் சொல்லாத சிக்கல்கள் தமிழில் சில உள்ளன. இங்கேதான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்.

*பெயர்.* மேலைநாட்டு முறை குடும்பப் பெயரை முன்னே வைக்கச் சொல்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயர்தான் உண்டு. தலைப்பெழுத்து முன்னே வந்தால் சிக்கல் இல்லை. ஆர். சண்முகம் என்பவர் 'சண்முகம், ஆர்.' ஆவார். இராம. சுப்பையா 'சுப்பையா, இராம.' ஆவார். சின்னப்பா அரசரத்தினம் என்ற பெயரில் தந்தை பெயர் முன்னே இருக்கிறது. ஆகவே 'அரசரத்தினம், சின்னப்பா' என்று வரும். ஆனால் மலேசிய அடையாள அட்டை முறையில் சொந்தப் பெயர் முன்னே, தந்தை பெயர் பின்னே. அதை இயந்திரத்தனமாகத் திருப்பிப் போட்டால் நூலை எழுதியவர் போய், அவருடைய அப்பா ஆசிரியராகிவிடுவார்! இத்தகைய பெயரைத் திருப்பாமல் அப்படியே எழுதுங்கள். மேற்கோள் உருவாக்கித் தரும் இணையச் செயலிகள் இந்த வேறுபாட்டை அறியாதவை. அவை தருவதைச் சரிபார்க்காமல் ஒட்ட வேண்டாம்.

*புனைபெயர்.* நூலின் முகப்பில் உள்ள பெயரையே போடுங்கள். இயற்பெயர் உறுதியாகத் தெரிந்தால் பகர அடைப்புக்குறிக்குள் தரலாம். 'பால்மரக் காட்டினிலே' நாவலுக்கு 'அகிலன் [பி. வி. அகிலாண்டம்]' என்று எழுதுவது ஓர் எடுத்துக்காட்டு.

*ஆண்டு.* சில தமிழ் நூல்கள் திருவள்ளுவர் ஆண்டை மட்டும் தாங்கியிருக்கும். பொது ஆண்டுக்கு மாற்ற 31ஐக் கழிக்க வேண்டும். தி.ஆ. 2024 என்று போட்ட நூல் 1993இல் வந்தது. இதைக் கவனிக்காமல் "2024" என்று எழுதினால் முப்பது ஆண்டுப் பழைய நூல் அண்மைய நூலாகிவிடும். ஆண்டே இல்லையென்றால் 'ஆண்டு குறிப்பிடப்படவில்லை' என்று எழுதுங்கள். ஊகித்துப் போடாதீர்கள்.

*பதிப்பு.* மலேசியாவில் முதலில் வெளிவந்து, பிறகு தமிழ்நாட்டில் மறுபதிப்புக் கண்ட நூல்கள் உண்டு. இரண்டிலும் பக்க எண் ஒன்றாக இருக்காது. நீங்கள் கையில் வைத்துப் படித்த பதிப்பின் விவரம்தான் பட்டியலில் வர வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டைக் குறிப்புரையில் சொல்லலாம்.

*வெளியீட்டாளர்.* ஆசிரியரே வெளியிட்டிருந்தால் 'ஆசிரியர் வெளியீடு' என்று எழுதுங்கள். அச்சகத்தின் பெயரைப் பதிப்பகம் என்று போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அச்சகம் அச்சடித்தது, அவ்வளவுதான்.

*அகரவரிசை.* நம் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று வரும். ஒருங்குறியில் எழுத்துகளை அடுக்கிய வரிசை வேறு. அதில் ந-வுக்கு அடுத்தே ன வந்துவிடும். அந்த வரிசைப்படி அடுக்கும் மென்பொருள் 'மனோகரன்' என்ற பெயரை 'மரியதாஸ்' என்ற பெயருக்கு முன்னே வைக்கும். தமிழ் அகரவரிசைப்படி மரியதாஸ்தான் முன்னே வர வேண்டும். அதேபோல் 'ஜ' ஒருங்குறியில் ச-வுக்கு அடுத்து நிற்கிறது. நம் மரபில் கிரந்த எழுத்துகள் கடைசியில் வரும். ஆகவே கணினி அடுக்கியதை ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

*பிறமொழி நூல்கள்.* தமிழ்க் கட்டுரையில் தமிழ் நூல்களைத் தனியாகவும் ஆங்கில, மலாய் நூல்களைத் தனியாகவும் பிரித்துப் போடுவது வழக்கம். ஆங்கில நூலை அதன் சொந்த எழுத்திலேயே எழுதுங்கள். கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுவதாக இருந்தால், தமிழ்த் தலைப்பை உரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, பொருளைப் பகர அடைப்புக்குறிக்குள் தர வேண்டும் என்கிறது ஏபிஏ.

*தொகுப்பு நூலில் ஒரு கட்டுரை.* பால் கிராட்டோஸ்கா பதிப்பித்து 2005இல் வந்த, போர்க்கால ஜப்பானியப் பேரரசில் ஆசியத் தொழிலாளர் பற்றிய தொகுப்பில், நக்காஹாரா மிச்சிகோ என்பவர் இந்த இரயில் பாதையில் மலாயாத் தொழிலாளர்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். உங்களுக்குப் பயன்பட்டது அந்தக் கட்டுரை என்றால் பட்டியலில் முன்னே வர வேண்டியவர் நக்காஹாரா; தொகுப்பாசிரியர் அல்ல. (ஜப்பானிய முறைப்படி நக்காஹாரா என்பதே குடும்பப் பெயர். அது ஏற்கெனவே முன்னேதான் இருக்கிறது!)

*நேர்காணல்.* பேசியவர், பேட்டி கண்டவர், நாள், காப்பகத்தின் பதிவெண், ஒலிநாடா எண் ஆகியவை தேவை. உங்கள் சொந்தத் தாத்தாவைப் பேட்டி எடுத்தாலும் நாளும் இடமும் குறித்துவையுங்கள். அவருடைய அனுமதியையும் கேளுங்கள்.

6. குறிப்புரை: நான்கு கேள்விகள்

எந்த நூலாக இருந்தாலும் இந்த நான்கு கேள்விக்கும் விடை எழுதுங்கள். அதுதான் குறிப்புரை.

1. இது என்ன சொல்கிறது? (ஒன்று அல்லது இரண்டு வாக்கியம்)
2. யார், எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறார்?
3. இதில் எது கிடைக்காது?
4. என் ஆய்வில் எந்த இடத்தில், எதற்குப் பயன்படும்?

முதல் கேள்வியோடு நிறுத்தினால் அது சுருக்கம் மட்டுமே. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் மதிப்பீடு. நான்காவதுதான் உங்கள் குரல். மாணவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே முழுப் பத்தியையும் செலவழித்துவிடுகிறார்கள். நான்காவதுக்கு இடமே இருப்பதில்லை.

அளவு எவ்வளவு? ஆங்கிலத்தில் 100 முதல் 200 சொல் என்பது பொதுவான வழக்கம். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே செய்தி குறைவான சொற்களில் முடிந்துவிடும். இடுபணியில் அளவு சொல்லப்படவில்லை என்றால் 60 முதல் 100 சொல் போதும்.

முழுப் புத்தகமும் படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். நாவல் என்றால், ஆம், முழுவதும். வரலாற்று நூல் என்றால் முன்னுரை, பொருளடக்கம், முடிவுரை, உங்கள் தலைப்புக்குரிய இயல்கள் ஆகியவற்றை ஒழுங்காகப் படியுங்கள். எந்த இயலைப் படித்தீர்களோ அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள். படிக்காத இயலைப் பாராட்ட வேண்டாம்.

7. மாதிரிகள்

முதலில், நாம் அடிக்கடி காணும் வகை:

> *இது மிகவும் அருமையான நாவல். இதில் மரண ரயில் பற்றி ஆசிரியர் மிகச் சிறப்பாக எழுதியுள்ளார். படிக்கும்போது மனம் கனக்கிறது. இந்நூல் எனது ஆய்வுக்குப் பெரிதும் பயனுள்ளதாக இருக்கும்.*

நான்கு வாக்கியம் இருக்கிறது. எந்த நாவலின் பெயரை மேலே போட்டாலும் பொருந்தும். அதுதான் இதன் குறை. இப்போது இதைப் பாருங்கள்:

> சண்முகம், ஆர். *சயாம் மரண ரயில்.* (ஆண்டும் பதிப்பகமும் உங்கள் கையிலுள்ள பதிப்பின்படி)
>
> *ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் மலாயாவிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குச் சென்ற தமிழர்களின் வாழ்வைக் களமாகக் கொண்ட நாவல். மலேசிய எழுத்தாளர் ஒருவர், தொழிலாளர் பக்கம் நின்று கதையைச் சொல்கிறார். புனைவு என்பதால் இறந்தோர் எண்ணிக்கைக்கோ நிகழ்ச்சிகளின் தேதிக்கோ இதைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆனால் அலுவலகக் கோப்புகளில் காண்பதற்கரிய பேச்சு, உறவு, அச்சம் ஆகியவற்றை இலக்கியம் எப்படிப் பதிவு செய்கிறது என்று பார்க்க இதுவே முதன்மைச் சான்று. இயல் 3இல், 'நினைவுச்சின்னம்' நாவலோடு ஒப்பிடப் பயன்படுத்துவேன்.*

அடுத்து, ஒரு வரலாற்று நூல்:

> சந்து, கெர்னியல் சிங். (1969). *இந்தியன்ஸ் இன் மலாயா: சம் ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தெயர் இமிக்ரேஷன் அண்ட் செட்டில்மென்ட், 1786–1957.* கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரெஸ்.
>
> *1786 முதல் 1957 வரை இந்தியர்கள் மலாயாவுக்கு வந்த வழிகளையும் அவர்கள் குடியமர்ந்த இடங்களையும் ஆராயும் நூல். ஒப்பந்தக்கூலி முறையும் கங்காணி முறையும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆசிரியர் புவியியல் அறிஞர். 1972 முதல் 1992 வரை சிங்கப்பூரில் தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர். அரசாங்க அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் பெரிதும் சார்ந்திருப்பதால் தொழிலாளியின் சொந்தக் குரல் குறைவு. போருக்கு முன் தமிழர்கள் தோட்டங்களில் எப்படித் திரண்டிருந்தார்கள் என்பதை விளக்க, இயல் 1இல் பயன்படும்.*

இரண்டு மாதிரியிலும் ஒரு பொதுத்தன்மை இருப்பதைக் கவனியுங்கள். "இதில் இது கிடைக்காது" என்ற வரி, நூலைக் குறைசொல்லும் வரி அல்ல. தராசு எந்த எடை வரை தாங்கும் என்று எழுதிவைப்பது போன்றது. நாவலில் கிடைக்காதது வரலாற்று நூலில் கிடைக்கிறது. அங்கே கிடைக்காதது நாவலில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவுடன் "இரண்டும் எனக்கு ஏன் வேண்டும்?" என்ற கேள்விக்கு விடை தானாக வந்துவிடுகிறது. ஆய்வின் இலக்கிய மீள்பார்வைப் பகுதி இப்படித்தான் பிறக்கிறது.

8. எண்கள் முட்டிக்கொண்டால்?

நம் தலைப்பில் இது கட்டாயம் நடக்கும். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள், அவர்களில் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதில் நூல்களுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. காரணம், இராணுவத்தில் பெயர்ப்பட்டியல் உண்டு. போருக்குப் பின் கல்லறைகள் தேடி எடுக்கப்பட்டன, பெயர்கள் பொறிக்கப்பட்டன.

ஆசியத் தொழிலாளர்கள் விஷயம் அப்படி இல்லை. மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு இரண்டு இலட்சத்தை ஒட்டியும் அதற்கு மேலும் மதிப்பீடுகள் உள்ளன. இறந்தோர் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். அதைவிடக் குறைவாகவும் கூடுதலாகவும் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் தமிழர் எத்தனை பேர் என்று கேட்டால் இடைவெளி இன்னும் பெரிது. பெயர் எழுதிவைக்கப்படாத மனிதர்களை எண்ணுவது எளிதல்ல.

இந்த இடத்தில் மாணவர் என்ன செய்ய வேண்டும்? தமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது ஆய்வு ஆகாது. பெரிய எண்ணைப் போட்டால் உணர்ச்சி கூடும் என்பதற்காகப் போடுவதும் தவறு. ஒவ்வொரு நூலின் குறிப்புரையிலும் "இந்நூல் தரும் எண் இது, அடிப்படையாகக் காட்டும் சான்று இது, பக்கம் இது" என்று எழுதிவையுங்கள். சான்று காட்டவில்லை என்றால் "எண்ணுக்கு மூலம் தரப்படவில்லை" என்றே எழுதுங்கள். ஐந்து நூலுக்கு இப்படி எழுதினால், எல்லாரும் ஒரே பழைய அறிக்கையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களா, தனித்தனியாகக் கணக்கிட்டார்களா என்பது புலப்படும்.

மாண்டவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதையும் இதுதான். மூலம் காட்டாத எண்ணை ஒருவர் எழுதி, அதை இன்னொருவர் எடுத்துக்காட்டி, அது பாடநூல்வரை போய்விட்டால், பிறகு யாராவது அதை மறுக்கும்போது எண்ணோடு சேர்த்து நடந்த கொடுமையையே ஐயப்படத் தொடங்கிவிடுவார்கள்.

9. இல்லாத நூல்களிடம் எச்சரிக்கை

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "இந்தத் தலைப்புக்குப் பத்துத் தமிழ் நூல் சொல்" என்று கேட்டால் தயங்காமல் பத்து சொல்லும். ஆசிரியர் பெயர் உண்மையாக இருக்கும், நூல் இருக்காது. அல்லது நூல் இருக்கும், ஆண்டும் பதிப்பகமும் கற்பனையாக இருக்கும். கேட்டால் குறிப்புரையும் எழுதித் தரும்! தமிழ் நூல்களைப் பற்றிய தரவு இணையத்தில் குறைவு என்பதால் இந்த ஆபத்து நமக்குக் கூடுதல்.

ஆகவே ஓர் எளிய விதி: நூலக அட்டவணையில் கண்ணால் கண்டதையும் கையில் எடுத்துப் படித்ததையும் மட்டும் பட்டியலில் சேருங்கள். வேறொரு நூலில் மேற்கோளாகப் பார்த்ததைப் படித்ததாகக் காட்ட வேண்டாம். எந்த நூலின் வழியாக அறிந்தீர்களோ அதைச் சொல்லுங்கள்.

10. ஆசிரியர்களின் கவனத்திற்கு

இதை ஒரே வாரத்தில் கேட்டால் மாணவர்கள் ஒரே இரவில் எழுதுவார்கள். பகுதி பகுதியாக வாங்குங்கள்.

- *முதல் வாரம்:* ஒரே ஒரு நூல். எல்லா மாணவர்க்கும் அதே நூல். விவரத்தை மட்டும் எழுதச் செய்து, வகுப்பிலேயே ஒப்பிடுங்கள். பெயர், ஆண்டு, அச்சகம் ஆகிய மூன்றிலும் பிழைகள் வெளியே வந்துவிடும்.
- *இரண்டாம் வாரம்:* அதே நூலுக்கு நான்கு கேள்விக்கும் விடை.
- *மூன்றாம் வாரம்:* ஒவ்வொருவரும் தம் தலைப்புக்கு மூன்று நூல். அவற்றில் ஒன்றாவது இணையத்தில் கிடைக்காததாக இருக்கட்டும். நூலகத்துக்குப் போகட்டும்.
- *நான்காம் வாரம்:* குறிப்புரைகளை மாற்றிக்கொண்டு படிக்கச் செய்யுங்கள். நூலின் பெயரை மறைத்துவிட்டு, "இது எந்த நூல்?" என்று நண்பர் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் குறிப்புரை பொதுவாக இருக்கிறது, திருத்தி எழுத வேண்டும்.

மதிப்பெண் இடும்போது நூல்களின் எண்ணிக்கைக்கு அதிக இடம் தர வேண்டாம். இருபது நூலுக்கு ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதியவரைவிட, ஆறு நூலை ஒழுங்காகப் படித்தவர் மேல். பழைய மாணவர்களின் நல்ல குறிப்புரைகளை, அவர்கள் அனுமதியோடு, பள்ளி நூலகத்தில் ஒரு கோப்பாகச் சேர்த்து வையுங்கள். ஐந்தாண்டில் அதுவே அடுத்த மாணவருக்கு ஒரு கருவி நூலாகிவிடும்.

11. அனுப்புவதற்கு முன் சரிபார்க்க

- ஒவ்வொரு நூலும் நான் நேரில் பார்த்ததா?
- ஆசிரியர் பெயரில் தந்தை பெயர் முன்னே வந்துவிட்டதா?
- திருவள்ளுவர் ஆண்டு மாற்றப்பட்டதா?
- நான்கு கேள்விக்கும் விடை இருக்கிறதா?
- 'அருமை', 'சிறப்பு', 'பயனுள்ளது' ஆகியவற்றை நீக்கினாலும் குறிப்புரையில் செய்தி மிஞ்சுகிறதா?
- நூலின் வரிகளை அப்படியே எடுத்து எழுதாமல் என் சொற்களில் எழுதியிருக்கிறேனா?
- அகரவரிசை தமிழ் முறைப்படி இருக்கிறதா?

இந்தப் பருவத்து இடுபணிக்கு நாளை ஒரு நூலை எடுத்துத் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் பத்து நாளில் பட்டியல் தயார். அதன் பிறகு முன்னுரை எழுத உட்கார்ந்தால், என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுத வேண்டியது பட்டியலிலேயே இருக்கும்.

வாழ்த்துகள்.